மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் இயங்கும் இந்திய ஆய்வியல் துறை, தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் வெளியே தமிழ் உயர்கல்விக்கு அமைந்த முதன்மையான களங்களுள் ஒன்று. 1956-இல் தொடங்கப்பட்டபோது அது சிங்கப்பூரில் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகமே 1949-இல் அங்கேதான் உருவானது. பின்னர் துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது.

தொடக்கமே சர்ச்சையோடுதான். துறையை எப்படி அமைப்பது என்று ஆலோசனை கேட்கப்பட்டவர் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. வடமொழிக்கே முதலிடம் என்ற அவர் பரிந்துரை மலாயாத் தமிழரிடையே எதிர்ப்பைக் கிளப்பியது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, திருவாரூரிலிருந்து 1924-இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர், இதைத் தன் இதழின் போராட்டமாகவே ஆக்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பணம் கொடுத்தவர்களில் எளிய உழைப்பாளிகளும் உண்டு. முசிறி உள்ளிட்ட திருச்சி வட்டாரத்திலிருந்தும் தஞ்சை, சேலம் பக்கங்களிலிருந்தும் ரப்பர் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் படிக்க வேண்டிய துறை அல்லவா அது! தமிழ் இடம்பெற்றது; நூலகத்துக்குத் தமிழ் நூல்களும் வந்து சேர்ந்தன.

துறைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர் 1961-இல் வந்து சேர்ந்த சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர், கத்தோலிக்கக் குரு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர். 1952 முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழை நடத்தி வந்தார். 1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு கூடியபோது, வந்திருந்த தமிழாய்வாளர்களை ஒன்றுதிரட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவச் செய்தார்.

மன்றத்தின் முதல் மாநாட்டைச் சென்னை நடத்தவில்லை, கோலாலம்பூர் நடத்தியது. 1966 ஏப்ரலில் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு அடிகள் தொகுத்த தமிழியல் நூல் வழிகாட்டியைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தமிழ் தெரியாத ஆய்வாளருக்கும் பயன்படும் அந்த நூலடைவை, மாநாட்டு ஆரவாரத்தைவிட நிலைத்த பணி என்று சொல்லலாம். சென்னையின் முறை 1968-இல்தான் வந்தது.

1969-இல் அடிகள் விலகினார். பின்வந்தவர்களில் சிங்காரவேலு சச்சிதானந்தம், தென்கிழக்காசியாவில் இராமகாதை பரவிய விதத்தை ஆராய்ந்தார். தமிழகத்திலிருந்து சென்று கற்பித்த இரா. தண்டாயுதம், மலேசியத் தமிழ் எழுத்தை ஆய்வுப்பொருளாகவே எடுத்துக்கொண்டார். தோட்டத்துக் கதைகளைப் பல்கலைக்கழகம் பொருட்படுத்தத் தொடங்கியதில் அவருக்குப் பங்குண்டு.

மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்தவற்றைப் 'பேரவைக் கதைகள்' என்று தொகுதி தொகுதியாக வெளியிட்டது. மலேசியச் சிறுகதையின் போக்கை அறிய விரும்புவோர் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள்.

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1987, 2015, 2023 ஆண்டுகளிலும் கோலாலம்பூரில் கூடியது. 2024 ஆகஸ்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுக்கான திருவள்ளுவர் இருக்கையை இந்திய, மலேசிய அரசுகள் அறிவித்தன.