பாஸ்டன் காவல்துறைத் தலைமுடிச் சோதனை வழக்கு

பாஸ்டன் காவல்துறைத் தலைமுடிச் சோதனை வழக்கு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காவலர்கள் போதைப்பொருள் பயன்படுத்துகிறார்களா எனக் கண்டறியக் கையாளப்பட்ட தலைமுடிச் சோதனையை எதிர்த்து நடைபெற்ற வழக்காகும். கறுப்பினத்தவர் பதின்மர் 2005 இல் இவ்வழக்கைத் தொடுத்தனர்.

சோதனை முறை

1999 முதல் காவலர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, தம் பிறந்தநாளை ஒட்டி, தலைமுடி மாதிரி தரவேண்டியிருந்தது. கோகோயினின் தடயம் சிறுநீரிலிருந்து சில நாட்களில் மறைந்துவிடும். முடியோ மாதத்திற்கு ஏறத்தாழ 1 செமீ மட்டுமே வளர்வதால், பல வாரங்களுக்கு முந்தைய பயன்பாட்டையும் காட்டக்கூடியது. இதுவே இம்முறையின் கவர்ச்சி.

சோதனையில் போதைப்பொருள் தென்பட்டால், 45 வேலைநாட்கள் ஊதியமற்ற பணி இடைநீக்கத்தையும் மறுவாழ்வுச் சிகிச்சையையும் ஏற்பவர் பணியில் நீடிக்கலாம். ஏற்காதவர் பணிநீக்கம் செய்யப்படுவார். உண்மையிலேயே போதைப்பொருளைத் தொடாத ஒருவர், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் வேலை நிலைக்கும் என்ற இக்கட்டு இதனால் உருவானது.

அறிவியல் சர்ச்சை

கோகோயின் உடலினுள் சென்றுதான் முடியை அடையவேண்டும் என்பதில்லை. காற்றிலுள்ள துகள்களோ, தொட்ட கைகளோ முடியில் அதைப் படியவைக்கலாம். காவலர்களுக்குப் பணியின்போதே இவ்வாய்ப்பு உண்டு. ஆய்வகங்கள் மாதிரியைக் கழுவிய பின்னரே ஆராய்கின்றன. ஆயினும் வெளிமாசு முழுவதும் நீங்குகிறதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. கருமுடியில் மிகுதியாக உள்ள மெலனின் நிறமியுடன் கோகோயின் எளிதில் பிணைகிறது. முடியின் அமைப்பும், பூசப்படும் ஒப்பனைப் பொருட்களும் கறுப்பினத்தவரின் முடியில் மாசு தங்க இடமளிக்கின்றன என்று வழக்குத் தொடுத்தோர் வாதிட்டனர்.

வழக்கின் போக்கு

2013 இல் மாசச்சூசெட்ஸ் குடிமைப்பணி ஆணையம், முடிச் சோதனை மட்டுமே பணிநீக்கத்திற்குப் போதிய சான்றாகாது எனக் கூறி, தன்னிடம் முறையிட்ட பதின்மரில் அறுவரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது. மற்ற நால்வரின் பணிநீக்கம் நிலைத்தது.

எட்டு ஆண்டுச் சோதனைகளில் வெள்ளையர் 99 விழுக்காட்டிற்கும் மேலாகவும், கறுப்பினத்தவர் 98 விழுக்காட்டிற்கும் மேலாகவும் தேறியிருந்தனர். இவ்வேறுபாடு மிகச் சிறியது என்பது நகர நிருவாகத்தின் வாதம். தேறியோரை எண்ணினால் அப்படித்தான் தோன்றும். தேறாதோரை ஒப்பிட்டால்தான் அதன் அளவு விளங்கும். 2014 இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்றும், பாகுபாடான விளைவுக்கு இதுவே முதல்நோக்குச் சான்று என்றும் அது கூறியது.

2016 இல் அதே நீதிமன்றம், சோதனை பணியோடு தொடர்புடையதே என ஏற்றது. எனினும், முடிச் சோதனைக்குப் பின் தொடர்ச்சியாகச் சிறுநீர்ச் சோதனைகள் நடத்துவது பாகுபாட்டைக் குறைத்திருக்குமா என்பதை விசாரிக்குமாறு வழக்கைக் கீழ்நீதிமன்றத்திற்கு அனுப்பியது.

பாஸ்டன் காவல்துறை 2021 இல் முடிச் சோதனையைக் கைவிட்டது. 2023 இல் நகர நிருவாகம் 26 இலட்சம் டாலர் வழங்க உடன்பட்டதை அடுத்து வழக்கு முடிவுற்றது.