வேங்கட வழியின் மலரேடுகள்

திருவரங்கத்தைப் போக மண்டபம் என்றும், கச்சியைத் தியாக மண்டபம் என்றும், திருவேங்கடத்தைப் புட்ப மண்டபம் என்றும் வழங்குவது வைணவர் மரபு. மலையும் காடும் அருவியும் நிறைந்த அத்தலத்துக்கு மலராலேயே பெயர் அமைந்தது. அம்மலர் எவ்வாறு மலையை விட்டு இறங்கிக் காகிதத்தில் வந்து அமர்ந்தது என்னும் வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறோம். கையால் வாழ்த்தட்டை செய்தும், பூவும் படமும் ஒட்டி ஆல்பம் அமைத்தும் மகிழும் குடும்பங்களுக்கு இதில் பயன்படும் செய்திகளும் சில உண்டு.

இராமானுசர் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்து வருகையில், வேங்கடத்தின் மலர்ச்சிறப்பைக் கூறும் பாசுரம் வந்தவிடத்து நிறுத்தி, அம்மலையில் தங்கி மலர்த்தொண்டு புரிய வல்லார் எவரேனும் உளரோ என்று வினவினாராம். காட்டுக்கும் குளிருக்கும் அஞ்சி அவையோர் வாளா இருந்தனர். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். மலைக்குச் சென்று நந்தவனம் அமைத்தார். அதற்கு நீர் வேண்டும் என்று ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த அவர் மனைவி மண் சுமந்தாள். இவை குருபரம்பரை சொல்லும் செய்திகள். உதவ வந்த சிறுவன் மீது அவர் சினந்து எறிந்ததாகக் கூறும் கடப்பாரை இன்றும் கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக யாத்திரிகர் அதை அண்ணாந்து பார்த்தே உள்ளே செல்கின்றனர். மலைமேல் பூச்செடி வளர்ப்பது எத்துணைக் கடிய வேலையாயிருந்தது என்பதற்கு அவ்விரும்பே போதிய சான்று.

அக்கோயிலில் பூ மாலையாகும் இடத்துக்கு யமுனைத்துறை என்று பெயர். நாள்தோறும் நடைபெறும் தோமாலைச் சேவையின் பெயர் ‘தோள்மாலை’ என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு என்பர். புரட்டாசிப் பெருவிழாவில், கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருகிறது. ஆயினும் வரும் மலர் வந்ததுதான், திரும்பிப் போவதில்லை. ஏனைய தலங்களில் சாத்திக் களைந்த பூவைப் பிரசாதமாகக் கையில் தருவர். திருமலையிலோ அவ்வழக்கம் இல்லை. களைந்த மாலைகளைக் கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் இடுவதே பழைய மரபு. மலையில் மலர்வன எல்லாம் இறைவனுக்கே உரியன என்பதால், தலையில் பூச்சூடி மலையேறும் வழக்கமும் இல்லை. கொண்டை நிறைய மல்லிகையுடன் புறப்படும் நம் பெண்மணிகள் அடிவாரத்திலேயே அதனை எடுத்துவிடுவது நேயர்கள் அறிந்ததே.

இந்நிலையில் 2021ஆம் ஆண்டு ஒரு மாறுதல் நேர்ந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் ஆந்திரத்தின் டாக்டர் ஒய்.எஸ்.ஆர். தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. தேவஸ்தானக் கோயில்களில் பயன்பட்ட மலர்களை உலர்த்தி, அவற்றைக்கொண்டு தெய்வப் படங்களும் சிறு கைவினைப் பொருள்களும் ஆக்குவது என்பது ஏற்பாடு. திருப்பதியிலுள்ள எலுமிச்சைவகை ஆராய்ச்சி நிலையத்தில் பெண்களுக்கு இவ்வேலை பழக்கப்பட்டது. இதழை இதழாகவே ஒட்டி, சாமந்தியின் மஞ்சளைப் பீதாம்பரமாகவும் உலர்ந்த இலையைத் திருமேனியாகவும் அமைக்கும் இப்படங்களில் தூரிகைக்கு வேலையே இல்லை. அதே ஆண்டில் களைந்த மலரிலிருந்து ஊதுவத்தியும் வெளிவரலாயிற்று.

மரபு கெட்டது என்று வருந்துவாரும் உளர். அவர்கள் மனத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது; நூற்றாண்டுகளாகக் காத்த ஒழுக்கம் அது. எனினும் டன் கணக்கில் குவியும் மலர் மட்கிப் போவதினும், ஓர் ஏழைப் பெண்ணின் கைத்திறனால் உருப்பெற்று ஒரு வீட்டுச் சுவரை அடைவது தாழ்வாகாது என்பதே நம் கருத்து. நமக்குள்ள குறை வேறு. பூ இருக்கிறது, படம் இருக்கிறது; இது இன்ன பூ என்று பெயர் எழுதுவார் இல்லை. இதனை நாம் குறையாகச் சொல்வதற்கு ஒரு பழைய ஏடு காரணமாகும்.

மலரைக் காகிதத்தில் பதிப்பது திருப்பதிக்குப் புதியதன்று. 1696ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சென்னைக் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன் என்னும் ஆங்கிலேயருக்காக, கோட்டைக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட வழியில் செடிகொடிகள் சேகரிக்கப்பட்டன. ஏறத்தாழ எழுபது மைல் வழி அது. இன்று இரு மாநிலங்களின் ஊடே செல்லும் அவ்வழியில் அன்று மாநில எல்லை இல்லை. கோவிந்த நாமம் சொல்லி நடந்த யாத்திரிகர் மிதித்துச் சென்ற வழியோரப் பூண்டுகளே பறிக்கப்பட்டு, அழுத்தி உலர்த்தப்பட்டு, ஏடுகளில் ஒட்டப்பெற்றுக் கப்பலேறின. இலண்டனில் மருந்து வணிகம் செய்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ஆராய்ந்து, ராயல் சொசைட்டியின் இதழில் தொடராக விவரித்து வெளியிட்டார்.

அவ்விவரணத்தில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு செடிக்கும் ‘மலபார்’ப் பெயர் தரப்பட்டுள்ளது. அந்நாள் ஐரோப்பியர் தமிழை அவ்வாறே அழைத்தனர். செடியின் தமிழ்ப் பெயர், அது எந்நோய்க்கு ஆகும் என்னும் கைமருந்துச் செய்தி ஆகியவை காதில் விழுந்தவாறே ஆங்கில எழுத்தில் பதிவாயின. எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தாலும், உள்ளிருந்து எட்டிப்பார்ப்பது நம் சொல்லே. பிரவுன் 1698இல் இறந்தார். அவர் பெயர் நிற்கிறது. பெட்டிவர் பெயரும் நிற்கிறது. வழியோரம் குனிந்து இலையைக் கிள்ளி முகர்ந்து, இதன் பெயர் இது என்று சொல்லிக்கொடுத்த தமிழர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பெட்டிவர் 1718இல் மறைந்தபின் அவருடைய சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். ஸ்லோனின் ஏடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் உள்ளன. முந்நூறு ஆண்டுக்கு முந்திய இவ்வேடுகளை, இன்றைய சொல்லில், ஆல்பம் என்றே கூறலாம்.

இவ்வாறு செடியை உலர்த்தி ஏட்டில் ஒட்டும் முறையைப் பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லூகா கீனி பரப்பினார். சித்தூர் வட்டாரத்திலும் இக்கலை தொடர்ந்து வருகிறது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் அமைந்தது சித்தூர் மாவட்டம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரிவுக்கு முந்திய முழு மாவட்டத்தின் செடிகொடிகளைத் தொகுத்துரைக்கும் நூல் ஒன்று 2008இல் திருப்பதியிலிருந்து வெளிவந்தது.

இனி, வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் இதனை எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பது. பனியும் ஈரமும் இல்லாத முற்பகலில் பூவைக் கொய்தல் வேண்டும். பழைய செய்தித்தாள் இரண்டுக்கு நடுவே இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனத்த நூல்களை அடுக்கலாம். முதல் சில நாள்கள் தாளை நாள்தோறும் மாற்றுவது இன்றியமையாதது. ஈரத்தாள் அப்படியே கிடந்தால் பூஞ்சணம் பூக்கும். ஒன்றிரண்டு வாரங்களில் பூ சருகு போல் ஒலிக்கும். எல்லா மலரும் இதற்கு இணங்குவதில்லை. மல்லிகை பழுப்பாகிவிடும். செம்மை கறுக்கும், ரோசா இதழும் கருஞ்சிவப்பாகும். சாமந்தியின் மஞ்சள் பெரும்பாலும் நிற்கும். வாடாமல்லியோ தன் பெயரைக் காப்பாற்றுகிறது. அதன் உருண்டைத் தலையை அழுத்தாமல், நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, பின் இதழ்களைப் பிரித்து ஒட்டுவது நன்று. பசையை மிகமிக மெல்லியதாகத் தடவவேண்டும். மைதாப் பசை பூச்சியை அழைக்கும். ஆதலின் கடைக் கோந்தே மேல்.

தாளில் பூவை நடுவில் வைத்து நான்கு புறமும் வண்ணக்கோடு இழுப்பது பலரும் செய்வது. செடிநூலார் முறை அதனினும் அழகுடையது. தாளின் பெரும்பகுதியைச் செடிக்கு விட்டு, வலப்புறக் கீழ்மூலையில் சிறு சீட்டு ஒன்று ஒட்டுவர்; பெயர், கொய்த இடம், நாள், கொய்தவர் ஆகிய நான்கும் அதில் இருக்கும். வாழ்த்தட்டைக்கும் இதுவே போதும். பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பும் அட்டையில் புனேயிலோ தில்லியிலோ பூத்த ஒரு பூவும், இச்சீட்டும் இருந்தால், கடையில் வாங்கிய எந்த அட்டையும் அதற்கு ஈடாகாது.

ஆல்பத்துக்கு ஒரு வழி சொல்வோம். ஒரு பூவுக்கு ஒரு பக்கம். அப்பக்கத்தில் அதன் பெயரைத் தமிழிலும், வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். நம் சரக்கொன்றைதான் தில்லியில் அமல்தாஸ், மராட்டியத்தில் பஹாவா, தெலுங்கில் ரேல, கேரளத்தில் கணிக்கொன்ன. வங்காளத்தார் சரத்காலத்தில் கொண்டாடும் சியுலி நம் பவழமல்லியே. வடக்கே ஹோலிக்குச் சாயம் தரும் பலாசு, நம்மூர்ப் புரசு. சென்னையின் புரசைவாக்கம் அதன் பெயரைத் தாங்கி நிற்பதை அந்நகரத்தாரே மறந்தனர். குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் தெரியாவிடில் பாட்டியைக் கேட்கட்டும். சொன்னவர் பெயரையும் அதே சீட்டில் எழுதட்டும். 1696இல் விடுபட்டது அதுவன்றோ?

மகிழம்பூவைப் பற்றி ஒரு சொல். திருமலை நந்தவனத்தில் அனந்தாழ்வான் மகிழமரமாக நிற்கிறார் என்று அடியார் வணங்குவர். அப்பூவுக்கு நிறமோ பெரிய வடிவமோ இல்லை. உலர்ந்தால் பழுப்பேறிச் சுருங்கும். அட்டையின் மேல் ஒட்ட அது அழகாயிராது. ஆனால் உலர்ந்த பின்னும் அதன் மணம் நெடுநாள் நிற்கும். ஆதலால் நான்கைந்து பூக்களைச் சிறு காகித உறையில் இட்டு, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி அனுப்பலாம். உறையின் மேல் ‘மகிழம்பூ’ என்று எழுத மறக்கவேண்டா.