முன்னெழுத்தும் சாதிக் கேள்வியும்



முன்னெழுத்து என்றால் தகப்பன் பெயர், அல்லது ஊர்ப் பெயர் என்றே பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் பி.ஆர். அம்பேத்கர் என்ற பெயரைப் படித்தால் தவறிவிடுவோம். 'பி' அவருடைய சொந்தப் பெயர், பீமராவ். 'ஆர்' தந்தை ராம்ஜி. அம்பேத்கர் என்பது அம்பாடவே என்ற கொங்கணக் கிராமத்திலிருந்து வந்த குடும்பப் பெயர். நம் வழக்கப்படி எழுதினால் அவர் ரா. பீமராவ்.

எம்.சி. ராஜாவின் 'எம்.சி.' மயிலை சின்னத்தம்பி. ராஜா என்பது பட்டமல்ல, பெயர். அரசு தந்த பட்டம் ராவ் பகதூர். லண்டன் வட்டமேசை மாநாட்டின் ஆவணங்களில் இரட்டைமலை சீனிவாசன் 'ஆர். சீனிவாசன்'. தந்தை பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியதும், சேரியிலிருந்து சென்ற ஒரு தலைவரை அந்தப் பட்டியலில் பெயரை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பட்டம் போனபின் பெயரோடு நின்றது முன்னெழுத்து மட்டுமே. அது பெரிய ஆதாயம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கேள்வி ஒழியவில்லை. வடக்கே "முழுப் பெயர் என்ன?" என்கிறார்கள். இங்கே "எந்த ஊர்? ஊரிலே எந்தத் தெரு?" என்கிறார்கள். பெயரில் கிடைக்காத சாதியை முகவரியில் தேடுகிறார்கள்.

முன்னெழுத்தின் சுமையும் நம் பிள்ளைகள் மேல்தான் அதிகம் விழுகிறது. தகப்பன் பெயர் சின்னசாமி என்று வைத்துக்கொள்வோம். தமிழில் 'சி' ஒன்றுதான். ஆங்கிலத்தில் மாற்றுச் சான்றிதழில் 'எஸ்', சாதிச் சான்றிதழில் 'சி' என்று விழுந்துவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வேலை முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு. எழுதியவர் யாரோ, தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து கூலி இழப்பது தாய் தகப்பன். உதவித்தொகைக்கான கடைசி நாள் காத்திருப்பதில்லை.

சாதிப் பட்டத்தைத் துறந்தது ஒரு தலைமுறையின் போராட்டம். அதனால் கிடைத்த ஓர் எழுத்து நம் பிள்ளைகளின் உரிமையை மறிக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. ஊர் திரும்பியதும் தெருவில் பத்தாம் வகுப்பு எழுதப்போகும் ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழ்களையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பிழையை இப்போதே திருத்துவோம்.

ஜெய்பீம்.