ஐரோப்பிய கிராமத்துக்குப் போகும் பணம்: முடிவு யார் கையில்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் கிராமக் கொள்கை என்றதும் உங்களுக்கு விவசாய மானியம்தான் நினைவுக்கு வரும். தப்பில்லை. 2021-27 காலத்துக்குப் பொது வேளாண் கொள்கைக்கு ஒதுக்கியது சுமார் 38,700 கோடி யூரோ, மொத்த பட்ஜெட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சிக்கல் என்னன்னா, நேரடி மானியம் பெரும்பாலும் நிலத்தின் அளவைப் பார்த்தே தரப்படுகிறது. அதனால் சுமார் 80 சதவீதப் பணம், மானியம் வாங்குபவர்களில் 20 சதவீதம் பேருக்கே போகிறது. நிலமில்லாத கிராமத்து நர்ஸுக்கும், பஸ் வசதி இல்லாமல் தவிக்கும் மாணவிக்கும் அதில் ஒரு யூரோகூடக் கிடையாது.

இவர்களும் பேச இடம் தருவது 1991-ல் தொடங்கிய 'லீடர்' திட்டம். ஊருக்கு எது தேவை, எதற்குப் பணம் என்பதை உள்ளூர்க் குழுவே தேர்வு செய்யும். உள்ளாட்சி, தொழில் செய்பவர்கள், தன்னார்வ அமைப்புகள் எல்லோரும் அதில் உட்காருவார்கள். எந்த ஒரு தரப்பும் முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. மேயருக்கும் இது பொருந்தும்.

ஆனால் லீடருக்கான கட்டாய ஒதுக்கீடு, ஊரக வளர்ச்சி நிதியில் குறைந்தபட்சம் 5 சதவீதம்தான். (மேலே பார்த்த நேரடி மானியம் இந்த நிதியில் சேராது.) 2022-ல் ஐரோப்பிய தணிக்கை மன்றம் இதையும் அலசியது. மக்கள் பங்கேற்பு கூடுகிறது, சரி. ஆனால் கூடுதல் செலவு, இழுத்தடிக்கும் விண்ணப்ப நடைமுறை, அதற்கேற்ற பலன் போதுமான அளவு நிரூபணமாகவில்லை என்றது. கறாரான கேள்விதான். 80-க்கு 20 கணக்கையும் இதே கறாரோடு கேட்கலாம்.