தொழிலமைச்சரும் பத்து வெள்ளியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலைக்குத் துன் சம்பந்தன் சாலை என்று பெயர். முன்னர் அது வெறும் பிரிக்பீல்ட்ஸ் சாலை. அவ்வழியே நாள்தோறும் போய்வரும் நம்மவருட் பலர்க்கு, அது ரயில் நிற்கும் ஓரிடத்தின் பெயரேயன்றி வேறில்லை. ஆதலின் அவர் வரலாற்றைச் சிறிது கூறுவோம்.

வீ. தி. சம்பந்தன் 1919-ல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிற் பிறந்தார். தந்தையார் வீராசாமி 1896-ல் வெறுங்கையோடு கப்பலேறி வந்து, உழைத்து ரப்பர் நிலம் தேடியவர். மைந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று திரும்பினார். 1955-ல் ம.இ.கா. தலைவரானார், அவ்வாண்டே துங்குவின் அமைச்சரவையில் தொழிலமைச்சருமானார். இரண்டே ஆண்டில் சுகாதார இலாகாவிற்கு மாற்றப்பட்டார். தொழிலாளிக்கு அவர் ஆற்றிய பெருந்தொண்டு அந்த நாற்காலியிலிருந்து ஆற்றியதன்று என்பதே எமது துணிபு.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்கலாயின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். லயத்திற் பிறந்து லயத்திலேயே மூத்தவனுக்கு வேலையும் போயிற்று. அதனோடு வீடும் போயிற்று. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்த முறையின் கொடுமை என்னே! விற்பனையைத் தடுக்க வழியில்லையேல், தொழிலாளியே வாங்குவோனாதல் வேண்டும் என்று சம்பந்தன் துணிந்தார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அமைச்சராயிருந்தும் தோட்டந்தோறும் சென்று, பால்மரம் வெட்டுவோரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். கெடாவின் புக்கிட் சீடிம், சங்கம் வாங்கிய முதல் தோட்டம். விடியலில் பெரட்டுக்கு வந்து நிற்பவனே அங்கே பங்குடையவன்!

1974 வரை அமைச்சராயிருந்த அவர் 1979-ல் மறைந்தார். தந்தை தேடிய நிலத்திற் பெரும்பகுதி அதற்குள் பொதுவாழ்விற் கரைந்துபோயிருந்தது.