காக்கும் நினைவும் கலையும் நினைவும்

மின்சாரம் நின்றபின் எது எஞ்சவேண்டும், எது அழிந்தாலும் பாதகமில்லை என்னும் நிர்ணயத்தைப் புரோகிராம் எழுதுகிற ஒவ்வொருவரும் இன்று தினந்தோறும் செய்கிறார்கள். ஆயினும் அந்தப் பொறுப்பு எவ்வழியாக அவர்கள் தோளில் வந்து ஏறிற்று என்பதை அறிய விரும்புவோர் முதலில் மான்செஸ்டர் சர்வகலாசாலையை நாடவேண்டும்.

அங்கே 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி பிரெடரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் தம் சகாக்களுடன் இயக்கிய ‘பேபி’ என்னும் சிறு யந்திரம், தான் செய்யவேண்டிய கட்டளைகளைத் தன் மின்னணு நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு இயங்கிய முதல் கணிப்பொறியாகும். அந்த நினைவகமோ, கதோட் கதிர்க் குழாயொன்றின் திரையில் படிந்த மின்னூட்டப் புள்ளிகளே. 32 பிட் கொண்ட 32 சொற்களுக்கே அதில் இடமிருந்தது. புள்ளிகள் ஒரு விநாடிக்குள் மங்கிவிடும் இயல்புடையனவாதலால், யந்திரம் அவற்றை ஓயாமல் வாசித்து ஓயாமல் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அமைத்த எட்சாக்கில் பாதரசக் குழாய்களுக்குள் ஒலியலைகளாகச் சுழன்ற எண்களுக்கும் அதே க்ஷணிக வாழ்வுதான்.

இக்குறையை உணர்ந்த மான்செஸ்டர் குழுவினர், 1949லேயே காந்தப் பூச்சிட்ட உருளை ஒன்றைத் தம் யந்திரத்துடன் இணைத்தார்கள். உருளை மந்தமானது, ஆனால் மறவாதது. குழாய் விரைவானது, ஆனால் நிலையற்றது. எந்தப் பகுதியை எப்பொழுது உருளையிலிருந்து குழாய்க்குக் கொணர்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் கணக்கிடும் கடமை, கணக்கைப் போட வந்தவனையே சார்ந்தது. இந்தச் சுமையை மறைக்க 1954ல் டோனி புரூக்கர் தம் ஆட்டோகோட் மொழியின் வாயிலாக வழி செய்தார். 1962ல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியில் கில்பர்ன் குழுவினர், நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, வேகமான பகுதியும் மெதுவான பகுதியும் ஒரே நினைவகமாகத் தோன்றும்படி செய்து, இடமாற்றம் முழுவதையும் யந்திரத்திடமே ஒப்படைத்தார்கள். கணிப்பொறியின் சரித்திரத்தில் இதைவிட அழகான சாதனைகள் சிலவே என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அட்லஸ் மறைத்தது வேகத்தின் பேதத்தை; நிலைபேற்றின் பேதம் அக்காலத்தில் அத்தனை கூர்மையாக உணரப்படவில்லை. எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் யந்திரத்தில் 1953ல் ஜே ஃபாரெஸ்டர் நிலைநாட்டிய காந்த வளைய நினைவகம், மின்சாரம் இல்லாமலே தன் நிலையைக் காக்க வல்லது. அட்லஸின் வேகமான பகுதியும் அவ்வளையங்களாலேயே ஆனது. 1970ல் இன்டெல் வெளியிட்ட 1103 என்னும் சில்லுதான் நிலைமையை மாற்றியது. அந்தச் சில்லில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், 2 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும். விலை மலிந்தது, வளையங்கள் மறைந்தன, ‘பேபி’யின் மறதி மீண்டும் உலகெங்கும் பரவியது.

அதுமுதல் சாசுவதம் என்பது டிஸ்கின் பொறுப்பாயிற்று. டிஸ்கில் எழுதுவதோ மெமரியில் எழுதுவதைவிடப் பன்மடங்கு தாமதமானது. ஆகையால், எழுதச் சொன்னதை இயங்குதளம் தன் மெமரியில் சற்றே நிறுத்திவைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று பதில் சொல்லும் வழக்கம் வேரூன்றியது. வங்கிக் கணக்குகளைக் காக்கும் தரவுத்தளங்களுக்கு இது போதாது. மாற்றத்தைச் செய்யுமுன் அதன் குறிப்பைப் பதிவேட்டில் நிலையாக எழுதிவிடவேண்டும் என்ற விதியும், ஜிம் கிரே முதலியோர் வகுத்த பரிவர்த்தனைச் சாஸ்திரமும் அந்தத் தேவையின் விளைவுகளே. 1983ல் 4.2பி.எஸ்.டி. யூனிக்ஸில் ‘எஃப்சிங்க்’ என்ற கட்டளை வந்தது. கையிருப்பை உண்மையாகவே டிஸ்கில் சேர்த்துவிட்டுச் சொல் என்று கேட்பது அது.

அக்கட்டளையை நம்பி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2018ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தார் ஒன்றைக் கண்டறிந்தார்கள்: டிஸ்கில் எழுதமுடியாமற்போன செய்தியை லினக்ஸ் ஒருமுறை அறிவித்துவிட்டு, அதே கட்டளையை மறுபடி இட்டால், எழுதப்படாத தகவலுக்கும் வெற்றி என்று விடை தரக்கூடும். அடுத்த ஆண்டு வெளிவந்த பதிப்புகள் முதல், அக்கட்டளை ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் மறுபடி முயலாமல் உடனே தன் இயக்கத்தை நிறுத்திவிட்டு, பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எழுதிக்கொள்கிறது.