லோருகாமா: ஒரு பெயரும் அதன் மறையும்

பெயரிட்ட நாளிலேயே எச்சரிக்கையாகிவிட்ட ஒரு பெயரைப் பிரித்துப் பார்ப்போம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் வட இசுரவேலை ஆண்ட நாளில், ஓசியா இறைவாக்கினரின் மனைவி கோமேர் ஒரு பெண்மகவைப் பெற்றாள். அம்மகவுக்கு இறைவன் இடச்சொன்ன பெயர் ‘லோருகாமா’. தாய் அவளைக் கூப்பிடுந்தோறும், ‘இனி இந்நாட்டுக்கு இரங்கேன்’ என்னும் தீர்ப்பு ஊரார் காதில் விழுந்தது.

எபிரேயத்தில் ‘லோ’ எதிர்மறைச் சொல். ‘ருகாமா’ என்பது செயப்பாட்டு வினை; படர்க்கைப் பெண்பால் ஒருமை; ‘இரங்கப்பெற்றாள்’ என்பது பொருள். கருப்பையைக் குறிக்கும் ‘ரெகெம்’, இரக்கத்தைக் குறிக்கும் ‘ரகமீம்’ ஆகிய இரண்டும் அவ்வினையோடு ஒரே மூவெழுத்து வேரைப் பகிர்பவை. ‘பெற்ற வயிறு’ என்று தாயின் பரிவைச் சொல்லும் நமக்கு இவ்வுறவை விளக்க வேண்டியதில்லை. நம் ‘இரக்கம்’ வேறு வழியில் வந்தது. ‘இரங்கு’ என்பதற்கு ஒலித்தல், புலம்புதல் என்னும் பொருள்களும் உண்டு, நெய்தலின் உரிப்பொருளும் இரங்கலே. இரக்கத்தை நாம் குரலில் கேட்டோம். எபிரேயர் கருவறையில் கண்டனர்.

வேரின் நடுவெழுத்து தொண்டையடியில் உரசி எழும் ஓசை. அதற்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. ஆயினும் உயிர்களுக்கிடையே மெலிந்தொலிக்கும் நம் ககரம் அதனை ஏற்றுக்கொண்டது. அரபியில் இதே வேரினின்று கிளைத்த ‘ரகுமான்’, ‘ரகீம்’ என்னும் பெயர்களும் அதே ககரத்தின் வழியாகவே தமிழுக்கு வந்தன. ஆகவே ருகாமாவின் உறவினர் நம் தெருக்களிலும் வாழ்கின்றனர்.

இனி அந்த ‘லோ’வைப் பாருங்கள். ‘இரங்கப்பெறாதாள்’ என்று தமிழில் சொன்னால் மறை வினைக்குள்ளேயே கரைந்துவிடும்; பிரித்தெடுத்தால் சொல் சிதையும். எபிரேயத்திலோ மறை முன்னே தனித்து நிற்கிறது. அதை நீக்கினாலும் பின்னுள்ள சொல்லுக்கு ஊறில்லை. ஓசியா நூல் அதையே செய்கிறது. இரண்டாம் இயல் தொடங்கும்போதே, ‘என் மக்களல்லர்’ எனப் பொருள்படும், லோருகாமாவின் தம்பியின் பெயர் ‘லோகம்மீ’ வெறும் ‘அம்மீ’ ஆகிறது. அக்காள் ‘ருகாமா’ ஆகிறாள். தண்டனையை அறிவித்த பெயருக்குள்ளேயே அருள் முழுச்சொல்லாக இருந்திருக்கிறது.

ஆயினும் எச்சரிக்கை வீண்போகவில்லை; கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வட இசுரவேலின் தலைநகர் சமாரியா வீழ்ந்தது. ஓசியாவின் இறுதி இயலோ ‘சூபா’, அதாவது ‘திரும்பு’, என்னும் ஏவலோடு தொடங்குகிறது. கால் திரும்புவதற்கும் மனம் திரும்புவதற்கும் எபிரேயத்தில் அந்த ஒரு வினையே போதும். தமிழ்க் கிறித்தவர் வழங்கும் ‘மனந்திரும்புதல்’ அதற்கு நேரான சொல். திரும்பி வருவோர் சொல்லவேண்டிய மன்றாட்டையும் அவ்வியலே கற்றுத்தருகிறது. இறைவனிடம் திக்கற்ற பிள்ளை இரக்கம் பெறுகிறது என்று அம்மன்றாட்டு முடியுமிடத்தில் ருகாமாவின் வேரே மீண்டும் ஒலிக்கிறது.

யூதர்தம் புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் இடைப்பட்ட ஓய்வுநாளில் இன்றும் இப்பகுதியைத் தொழுகைக்கூடத்தில் படிக்கின்றனர். அந்த ஓய்வுநாளுக்குப் பெயரே ‘சூபா ஓய்வுநாள்’.